புட்டியில் இருக்கும் தவளை



எங்கள் தோட்டப் பள்ளி அலமாரியில் ஒரு கண்ணாடிப் புட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு பாம்பு. பல ஆண்டுகளுக்கு முன் பால்மரம் வெட்டப் போனவர்கள் நிரையில் அடித்துக் கொண்டுவந்தது. பாடத்துக்கு உதவுமே என்று நாங்கள் ஸ்பிரிட் ஊற்றி மூடி வைத்தோம். எந்த நிரை, என்ன தேதி, உயிரோடு இருந்தபோது என்ன நிறம் என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. இப்போது அது வெளுத்துப்போய்ப் பழங்கயிறு போலக் கிடக்கிறது. “சார், இது என்ன பாம்பு?” என்று பிள்ளைகள் கேட்டால் எங்களால் சொல்ல முடிவதில்லை. குற்றம் எங்களுடையதுதான்.

அரும்பொருளகங்களில் தவளை, பல்லி, பாம்பு ஆகியவற்றைப் பாதுகாக்கும் முறையே வேறு. பெரும்பாலும், உடலை முதலில் ஃபார்மலின் என்னும் மருந்தில் ஊறவைக்கிறார்கள். சதை அழுகாமல் கெட்டிப்படுகிறது. பிறகு நீரில் அலசி, நூற்றுக்கு எழுபது பங்கு அளவில் ஆல்கஹால் கலந்த நீரில் போட்டு வைக்கிறார்கள். உடலோடு எண் எழுதிய சீட்டு ஒன்றை நூலால் கட்டுகிறார்கள். பிடித்த இடம், நாள், பிடித்தவர் பெயர் எல்லாம் பேரேட்டில் அந்த எண்ணுக்கு நேரே இருக்கும். நிறம் புட்டியில் நிற்காது. ஆகவே அதையும் முன்னதாகவே குறித்துக்கொள்கிறார்கள். எங்களைக் கேட்டால், உடலுக்குள்ள மதிப்பில் பாதி அந்தச் சீட்டினுடையது என்போம்.

செத்த தவளையை இத்தனை காலம் கட்டிக் காத்து என்ன பயன் என்று சிலர் நினைக்கலாம். நடு அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

கோஸ்ட்டா ரிக்கா நாட்டில் மொன்டேவெர்டே என்று மேகம் கவிந்த ஒரு மலைக்காடு உண்டு. அங்கே ஒரு தேரை வாழ்ந்தது. ஆண் தேரை முழுக்க ஆரஞ்சு நிறம். பொன் தேரை என்றே அதற்குப் பெயர். 1966-ஆம் ஆண்டு ஜே சேவேஜ் என்ற அறிஞர் அதனை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். வேறெந்த நாட்டிலும் அது கிடையாது. 1987-இல் மழைக்குட்டைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தேரைகள் கூடின. மறு ஆண்டு கண்ணில் பட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1989-இல் ஒன்றே ஒன்று. அதன்பின் ஒன்றும் இல்லை. அதுவோ பாதுகாக்கப்பட்ட காடு! என்னதான் நேர்ந்தது?

1998-இல் ஒரு துப்புக் கிடைத்தது. ஆஸ்திரேலியாவிலும் நடு அமெரிக்காவிலும் செத்த தவளைகளின் தோலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை இருப்பதைக் கண்டார்கள். தவளை தோலாலும் மூச்சு விடுகிறது; நீரையும் தோலாலேயே உறிஞ்சிக் கொள்கிறது. தோல் கெட்டால் உடம்பின் உப்பு அளவு குலைந்து இதயம் நின்றுவிடும். சரி, 1987-லேயே இந்தப் பூஞ்சை அந்த மலைக்கு வந்திருந்ததா? போன காலத்துக்குத் திரும்பிப்போய்ப் பார்க்க முடியுமா?

புட்டிகள் இருந்தனவே! ஆய்வாளர்கள் அரும்பொருளகத் தவளைகளை எடுத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் தோலைத் துடைத்துச் சோதித்தார்கள். 2011-இல் முடிவு வெளிவந்தது. தெற்கு மெக்சிகோவில் 1970-களின் தொடக்கம், குவாத்தமாலாவில் 1980-கள், மொன்டேவெர்டேயில் 1987. அதற்கு முந்திய தவளைகளில் பூஞ்சை இல்லை. சீட்டுகளில் இருந்த தேதிகளை வரிசைப்படுத்தியபோது, நோய் தெற்கு நோக்கி நடந்து வந்த பாதை தெரிந்தது. அந்தத் தவளைகளைப் பிடித்தவர்கள் பூஞ்சை என்ற பேச்சையே கேட்டிராதவர்கள்! பொன் தேரைக்கு அந்த ஆண்டின் வறட்சியும் எமனாயிற்று என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு; அதையும் சொல்லிவிட வேண்டும்.

இத்தகைய களஞ்சியத்துக்குப் பெரிய பகை தீ. புட்டிகளில் இருப்பது எரியும் திரவமல்லவா? 2010-இல் பிரேசில் நாட்டு புட்டன்டான் நிலையத்தில் பிடித்த தீயில், நூறாண்டு சேர்த்த பல பத்தாயிரம் பாம்புகள் கருகின. அந்தக் காடுகளில் சில இன்று இல்லை. திரும்பச் சேர்க்க எங்கே போவது?

நம் பக்கத்திலும் ஒரு சேகரிப்பு இருக்கிறது. 1887-இல் சிங்கப்பூரில் கட்டடம் திறந்த ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தின் உயிரினச் சேகரிப்பு, 1972-இல் பல்கலைக்கழகத்தின் கைக்கு மாறி, இடம் விட்டு இடம் பெயர்ந்து, 2015-இல் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது. காட்சிக்கு வைத்திருப்பது கொஞ்சம்தான். பெரும்பகுதி பின்னறைகளில் இருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டுப் பாம்பை அடித்துப் புட்டியில் போட வேண்டாம், பிள்ளைகளே. செத்த பாம்பின் பல்லிலும் நஞ்சு இருக்கும். கையால் தொடக் கூடாது. எங்கள் மாணவர்கள் இப்போது ஒரு நோட்டுதான் வைத்திருக்கிறார்கள். எந்தக் கால்வாயில், எந்த நாளில், மழைக்கு முன்னா பின்னா, என்ன குரலில் தவளை கத்தியது என்று எழுதுகிறார்கள். பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தை வெறுமனே விடுகிறார்கள். தேதியை மட்டும் விடுவதில்லை.