மலையில் கெட்டியாகும் ரத்தம்

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் இந்த விகிதம் ஒன்றுதான். மேலே போகப் போகக் குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரச அளவாக இருக்கும் காற்றழுத்தம், 5,500 மீட்டர் உயரத்தில் பாதியாகிவிடுகிறது. எவரெஸ்ட் உச்சியில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. அழுத்தம் குறையும்போது, ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் குறைகிறது, அதை நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் தள்ளும் விசையும் குறைகிறது. மலையில் வரும் தலைவலிக்கும் மயக்கத்துக்கும் இதுவே காரணம் என்று பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பேர் 1878-இல் வெளியிட்ட பெருநூலில் நிறுவினார். அதற்காக அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள உலோக அறைகளுக்குள் தானே உட்கார்ந்து சோதனை செய்தார்.

மருத்துவத்தில் உயர்மலை என்பது பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். உதகை நகரம் அதைவிடத் தாழ்வு. எனவே நீலகிரியில் குடியிருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. லடாக்கின் லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலும், திபெத்தின் லாசா 3,650 மீட்டரிலும், பெரு நாட்டின் சுரங்க நகரமான செர்ரோ தெ பாஸ்கோ 4,300 மீட்டருக்கு மேலும் இருக்கின்றன. அதே பெரு நாட்டில் தங்கச் சுரங்கத்தை நம்பி எழுந்த லா ரிங்கோனாடா ஏறத்தாழ 5,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மனிதர்கள் ஆண்டு முழுவதும் குடியிருக்கும் ஊர்களில் இதுவே உலகில் மிக உயரமானது.

சமவெளியில் இருப்பவர் மலைக்குப் போனதும் உடல் சும்மா இருப்பதில்லை. கழுத்தின் இரு பக்கமும், மூளைக்குப் போகும் தமனி பிரிகிற இடத்தில், சில மில்லிமீட்டர் அளவே உள்ள கரோட்டிட் உறுப்பு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை அது சில நொடிகளில் உணர்ந்து, மூச்சை ஆழமாகவும் வேகமாகவும் வாங்கச் செய்கிறது. இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. மூச்சு கூடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை ஏறுகிறது. அடுத்த சில நாட்களில் சிறுநீரகம் அதைச் சரிசெய்கிறது. அதற்குள் அவசரப்பட்டு மேலும் ஏறுபவர்களுக்குத்தான் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று உடனடி மலைநோய் வருகிறது. முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். 1962-ஆம் ஆண்டு இந்திய-சீனப் போர்க் காலத்தில் சமவெளியிலிருந்து இமயமலைக்கு அவசரமாக அனுப்பப்பட்ட இந்திய வீரர்கள் பலர் இப்படித் துன்பப்பட்டார்கள். இந்தர் சிங் தலைமையில் இந்திய ராணுவ மருத்துவர்கள் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969-இல் வெளியிட்ட கட்டுரை, உலக மருத்துவத்தில் இந்நோய் பற்றிய அடிப்படை ஆவணங்களில் ஒன்று.

நாட்கள் வாரங்களாகும்போது வேறொரு மாற்றம் நடக்கிறது. உடலின் ஒவ்வொரு செல்லும் ஒரு புரதத்தை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் அந்தப் புரதம் உடனுக்குடன் அழிக்கப்படுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அழிவு நின்று, புரதம் சேர்ந்து, பல மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூவருக்கும் 2019-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இப்படி முடுக்கப்படுபவற்றில் ஒன்று, சிறுநீரகத்தில் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்யும் மரபணு. அந்த ஹார்மோன் எலும்பு மஜ்ஜைக்குப் போய், சிவப்பணுக்களைக் கூடுதலாக உற்பத்தி செய்யத் தூண்டுகிறது. மலையில் சிவப்பணு பெருகுவதை முதலில் எண்ணிப் பார்த்தவர் பிரான்சைச் சேர்ந்த வியோ. 1890-இல் அவர் லிமாவிலிருந்து ஆண்டீஸ் மலையின் மொரோகோச்சா சுரங்கத்துக்குப் போனார். கன மில்லிமீட்டருக்கு 50 லட்சமாக இருந்த அவருடைய சிவப்பணுக்கள் சில வாரங்களில் 80 லட்சத்தை எட்டியிருந்தன.

காற்றில் குறைந்த ஆக்சிஜனை ரத்தத்தில் கூடிய அணுக்களால் ஈடுசெய்வது கச்சிதமான ஏற்பாடாகவே தோன்றுகிறது. நெடுங்காலம் மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் உயரத்திலேயே நெடுநாள் வாழ்பவர்களுக்கு வரும் நாள்பட்ட மலைநோய் பிறப்பதே இந்த ஏற்பாட்டிலிருந்துதான்.

கேம்பிரிட்ஜின் உடலியல் அறிஞர் ஜோசப் பார்கிராஃப்ட் 1921, 22-இல் ஒரு குழுவோடு செர்ரோ தெ பாஸ்கோவுக்குப் போய் ஆராய்ந்தார். உயரத்தில் வாழும் எல்லோருமே உடலாலும் அறிவாலும் குறைபட்டவர்கள் என்று எழுதினார். சில வாரங்கள் தங்கிவிட்டுப் போன ஒருவர் ஒரு மக்கள் கூட்டத்தையே இப்படி எடைபோட்டது அநியாயம். அதை அறிவியல் வழியிலேயே மறுத்தவர் பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோங்கே மெத்ரானோ. ஆண்டீஸ் மலை மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக அந்தக் காற்றிலேயே பிறந்து, உழுது, சுரங்கம் வெட்டி, பிள்ளை பெற்று வாழ்பவர்கள். தங்களுக்கே உரிய உடலியல் கொண்டவர்கள் என்று அவர் வாதிட்டார். அதே மோங்கேதான் இன்னொன்றையும் கண்டார். இப்படிப் பழகிய உடலும் சிலருக்கு நடுவயதில் பழக்கத்தை இழந்துவிடுகிறது. 1925-இல் அவர் செர்ரோ தெ பாஸ்கோ நோயாளி ஒருவரைப் பற்றி லிமாவில் அறிக்கை படித்தார். அளவுக்கு மீறிய சிவப்பணுக்களோடு இருந்த அந்த நோயாளிக்குக் கடல் மட்டத்துக்கு இறங்கியதும் நோய்க்குறிகள் மறைந்தன. அதனால்தான் நாள்பட்ட மலைநோய்க்கு மோங்கே நோய் என்ற பெயரும் உண்டு.

அந்த நோயாளிகளைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். உதடும் நகமும் கருநீலம். கண்வெண்மை சிவந்து, சிரைகள் புடைத்திருக்கும். தலைவலி, தலைச்சுற்றல், காதில் இரைச்சல், படபடப்பு, உள்ளங்கை உள்ளங்கால் எரிச்சல், தூக்கம் வராமை, மறதி என்று புகார்கள் நீளும். விரலில் குத்தி எடுத்த ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழலில் நிரப்பிச் சுழல வைத்தால் சிவப்பணுக்கள் அடியில் படியும். சமவெளியில் நலமான ஆணுக்கு அந்தப் படிவு குழலில் 45 சதவீதம் அளவில் நிற்கும். நோயாளிக்கு 63 சதவீதத்தைத் தாண்டி, சிலருக்கு 80-ஐயும் நெருங்கிவிடும். 2004-இல் சீனாவின் சிங்ஹாய் மாநிலத்தில் கூடிய வல்லுநர்கள் நோய்க்கு ஓர் எல்லை வகுத்தார்கள். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆணுக்கு 21 கிராமும் பெண்ணுக்கு 19 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் அது அளவு மீறியது. சமவெளியில் ஓர் ஆணுக்கு 13 முதல் 17 கிராம் வரை இருப்பது வழக்கம்.

சிவப்பணு இவ்வளவு பெருகினால் ரத்தம் கெட்டியாகிவிடும். கஞ்சி ஓடும் குழாயில் கூழைத் தள்ளும் நிலை இதயத்துக்கு. நுண்குழாய்களில் ரத்தம் தேங்குகிறது, உறைகட்டிக்கும் பக்கவாதத்துக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நுரையீரல் தமனிகள் சுருங்குவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. நுரையீரல் அழுத்தம் ஏறி, அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் வீங்கிச் சோர்ந்துபோகிறது. ஆக்சிஜனைக் கூடுதலாக ஏந்தியும் திசுக்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாத ரத்தம் அது.

நோய் எல்லோருக்கும் வருவதில்லை. ஆண்களுக்கு அதிகம், மாதவிலக்கு நிற்கும் வயதுவரை பெண்களுக்குக் குறைவு. மாதந்தோறும் போகும் ரத்தமும், மூச்சைத் தூண்டும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனும் அவர்களுக்குக் காப்பு. வயதாக ஆக நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. தூக்கத்தில் மூச்சு தளர்பவர்கள், பருமனானவர்கள், சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டவர்கள் எளிதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

உயர்மலை மக்கள் எல்லோரும் ஒரே வழியில் பழகியவர்களும் அல்லர். அமெரிக்க மானிடவியலாளர் சிந்தியா பீல் 1998-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஏறத்தாழ 4,000 மீட்டரில் வாழும் பொலிவியாவின் அய்மாரா ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 19.2 கிராமாகவும், திபெத்திய ஆண்களுக்கு 15.6 கிராமாகவும் இருந்தது. திபெத்தியர் அளவு சமவெளிக்காரருடையது போலத்தான். அவர்கள் ரத்தம் ஏந்தும் ஆக்சிஜனும் அய்மாராக்களைவிடக் குறைவு. ஆனாலும் மோங்கே நோய் திபெத்தியரிடம் அரிது. திபெத்தில் குடியேறிய ஹான் சீனர்களிடமும் ஆண்டீஸ் மக்களிடமும் அது பரவலாக இருக்கிறது. திபெத்தியர்கள் மூச்சைக் கூடுதலாக வாங்குகிறார்கள். ரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு அவர்களிடம் மிக அதிகம். ரத்தம் மெல்லியதாக, விரிந்த குழாயில் தாராளமாக ஓடுகிறது. உயரத்தோடு வாழ்வதில் இவர்களே அதிகத் தேர்ச்சி பெற்றவர்கள் என்று சொல்லலாம். கெட்டியாக்காமல் இருப்பதுதான் அவர்கள் தேர்ச்சி.

2010-இல் வெளிவந்த ஆய்வுகள் இதன் மரபணு அடிப்படையைக் காட்டின. ஆக்சிஜன் குறைவை உணர்த்தும் புரதங்களில் ஒன்றை ஆக்கும் ஈபாஸ்-1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் 87 சதவீதத் திபெத்திய மரபணுப் படிகளில் இருந்தது. ஹான் சீனரிடம் 9 சதவீதம்தான். அந்த வடிவம் சிவப்பணு உற்பத்தியை அடக்கி வைக்கிறது. 2014-இல் இன்னும் வியப்பான செய்தி வந்தது. மறைந்துபோன டெனிசோவன் என்ற மனித இனத்தோடு நடந்த கலப்பால் கிடைத்த மரபணு அது. திபெத்தியப் பீடபூமியின் பைஷியா குகையில் கிடைத்த, 1,60,000 ஆண்டுகளுக்கும் முந்திய தாடை எலும்பு அந்த இனத்துடையது என்று 2019-இல் தெரியவந்தது. குகை 3,280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நவீன மனிதர் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே மெல்லிய காற்றில் வாழ்ந்தவர்கள் இருந்தார்கள் என்பது உறுதி.

இதோடு ஒப்பிட்டால் ஆண்டீஸில் மனிதக் குடியேற்றம் பிந்தியது, ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு உட்பட்டது. எத்தியோப்பிய மலைகளின் அம்ஹாரா மக்கள் மூன்றாவது வழியில் பழகியிருக்கிறார்கள். 3,500 மீட்டரிலும் அவர்கள் ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் செறிவும் சமவெளியினருடையதைப் போலவே இருக்கின்றன. பிள்ளைப்பேற்றிலும் பழக்கம் தெரிகிறது. புதிதாகக் குடியேறியவர்களிடம், உயரம் 1,000 மீட்டர் கூடக் கூடப் பிறக்கும் குழந்தையின் எடை ஏறத்தாழ 100 கிராம் குறைகிறது. ஆண்டீஸ், திபெத்தியத் தாய்மாருக்குக் கருப்பைக்கு ரத்தம் கூடுதலாகப் போவதால் இந்தக் குறைவு சிறிது.

சிகிச்சைகளில் உறுதியானது ஒன்றே: கீழே இறங்குவது. சில வாரங்களில் சிவப்பணு குறையும், தலைவலி விலகும். மறுபடி ஏறினால் நோயும் திரும்பும். ஆனால் லா ரிங்கோனாடாவின் சுரங்கத் தொழிலாளி இறங்கினால் வருமானம் போய்விடும். அங்கே பல சுரங்கங்களில் பல வாரம் கூலியின்றி உழைத்து, கடைசியில் தாங்களே சுமந்து போகும் பாறையில் தங்கம் இருந்தால் அதுவே கூலி. இறங்கச் சொல்லும் மருத்துவரிடம் அவர்களுக்குச் சொல்ல வேறு பதில் இல்லை. கையில் ஊசி குத்தி ரத்தத்தை வடித்து எடுப்பதால் சில வாரங்கள் நிம்மதி கிடைக்கும். ஆனால் மஜ்ஜை மீண்டும் உற்பத்தி செய்யும், இரும்புச்சத்தும் வற்றிப்போகும். அசெட்டசோலமைடு மாத்திரை ரத்தத்தைச் சற்று அமிலமாக்கி, உறக்கத்திலும் மூச்சைத் தூண்டுகிறது. செர்ரோ தெ பாஸ்கோவில் சோதித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 250 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மூன்று வாரங்களில் சிவப்பணு அடர்த்தி குறைந்தது. இந்த மாத்திரை விலை மலிவானது, கீழே இறங்க முடியாதவர்களுக்கு ஏற்றது. புகைபிடிப்பதை நிறுத்துவதும், உடல் எடையைக் குறைப்பதும், தூசியைத் தடுப்பதும் இதனோடு சேர வேண்டியவை.