நம் ஊர்த் தபாலாபீசைக் காத்தவர்கள்



தபாலாபீஸ் வரலாற்றை ஆண்டுக்கணக்காகச் சொல்லிவிட்டு நான் இறங்கிவிடலாம். 1854-இல் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் வந்தது. அரையணா ஸ்டாம்பு ஒட்டினால் கடிதம் எங்கேயும் போகும். 1879-இல் காலணாவுக்குத் தபால் கார்டு வந்தது, 1880-இல் மணியார்டர், 1882-இல் சேமிப்பு வங்கி. எல்லாம் சரி. இதையெல்லாம் கிராமத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது யார்? அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

ஊருக்கு ஊர் கட்டடம் கட்டி, முழுநேர ஆள் போட வெள்ளைக்கார அரசு தயாராக இல்லை. பள்ளிக்கூட வாத்தியாரைக் கேட்டது, கடைக்காரரைக் கேட்டது. 'உங்கள் வேலையோடு இதையும் பாருங்கள்' என்று சொல்லி ஒரு சிறு தொகையைக் கொடுத்தது. கிளை அஞ்சலகம் அப்படித்தான் கிளம்பியது. இவர்களை இ.டி. ஊழியர், அதாவது துறைக்குப் புறம்பான ஊழியர் என்றார்கள், 2001 முதல் கிராமின் டாக் சேவக் என்கிறார்கள். பெயர் மாறியது. ஆனால் அலுவலகத்துக்கு இடம் பார்த்துக் கொடுக்கும் பொறுப்பு அந்தப் போஸ்ட்மாஸ்டர் தலையில்தான் இருந்துவந்தது. எத்தனை ஊர்களில் அவர் வீட்டுத் திண்ணையே தபாலாபீசாக இருந்தது!

அவர் வேலையை ஒரு நாள் காலையில் உட்கார்ந்து பாருங்கள். தேதி முத்திரையில் நேற்றைய எண்ணைக் கழற்றி இன்றைய எண்ணைக் கோப்பார். நோட்டில் ஒருமுறை பதித்துப் பார்த்துவிட்டுத்தான் கடிதத்தில் குத்துவார். தபால் பை வந்தால் முதலில் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். ஸ்டாம்பு, ரொக்கம், பாஸ்புத்தகம் எல்லாவற்றுக்கும் அன்றன்றே கணக்கு எழுத வேண்டும். குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மணியார்டர் காலத்தை இங்கே இருக்கும் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாரத்தின் அடித்துண்டில் நாலு வரி எழுத இடம் இருக்கும். பம்பாயிலிருந்தோ பட்டாளத்திலிருந்தோ மகன் எழுதிய அந்த நாலு வரியை, படிக்கத் தெரியாத தாய்க்குப் படித்துக் காட்டியவர் தபால்காரர். பணத்தை எண்ணிக் கொடுத்து, கைநாட்டு வாங்கி, சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்தவரும் அவரே. அந்த வீட்டின் கஷ்டம் முழுவதும் அவருக்குத் தெரியும். அது வெளியே போகாது. அந்த நாணயத்துக்கு எந்தச் சம்பளப் பட்டியலிலும் இடம் இல்லை!

இந்தக் கிராமத் தபால் ஊழியர்கள் வகிப்பது அரசுப் பதவிதான், முறையான விசாரணை இல்லாமல் நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்புச் சொன்னது. அதன்பிறகும் 2018-இல் இரண்டு வாரம் போல வேலைநிறுத்தம் செய்துதான் ஊதிய உயர்வு பெற்றார்கள். அந்த உயர்வுக்குப் பிறகு, நாலு மணி நேரப் பணிக்கு ஒரு கிளைப் போஸ்ட்மாஸ்டரின் தொடக்க ஊதியம் 12,000 ரூபாய். 65 வயது வரை வேலை. துறையின் மற்ற ஊழியர்களுக்குரிய ஓய்வூதியம் இவர்களுக்குக் கிடையாது. இது அநியாயம் என்று இந்த மேடையில் உரக்கவே சொல்கிறேன்.

கடிதம் குறைந்துவிட்டது, இனி தபாலாபீஸ் எதற்கு என்று கேட்கிறார்கள். பெண் குழந்தைக்குச் செல்வமகள் கணக்குத் தொடங்க எங்கே போகிறோம்? மாதாமாதம் ஆர்.டி. கட்ட எங்கே போகிறோம்? வங்கிக் கிளை இல்லாத ஊரில் கைரேகை வைத்துப் பணம் எடுக்க எந்த வாசலில் நிற்கிறோம்? அந்த வாசலில்தானே!

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள். நம் ஊர்த் தபாலாபீசில் இதுவரை இருந்த போஸ்ட்மாஸ்டர்கள், தபால்காரர்கள், பை சுமந்த ரன்னர்கள் பெயரையெல்லாம் பெரியவர்களைக் கேட்டு எழுதி, நூலகச் சுவரில் பலகையாக வையுங்கள். வருகிற கிராம சபையில், இவர்களுக்கு ஓய்வூதியம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானத்தை எழுதிக் கொடுக்க நான் தயார். கை தூக்க நீங்கள் வர வேண்டும்.