எலியும் மண்ணில் உறங்கும் கிருமியும்



தோட்டத்து மண்ணில் வாழும் இரண்டு உயிர்களை இன்று ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று எலி. மற்றொன்று ரணஜன்னிக் கிருமி. மலாய் மொழியில் 'கஞ்சிங் கிகி' எனப்படும் நோய்க்கு இக்கிருமியே காரணம்.

எலியை நாம் நன்கு அறிவோம். செம்பனைப் பழத்தைக் கடிக்கும். அரிசி மூட்டையைக் கிழிக்கும். மூன்று வாரச் சினையில் குட்டி போட்டுவிடும். ஆனாலும் அது கண்ணுக்குத் தெரிகிறது. பொறி வைக்கிறோம். செம்பனைக் காட்டில் பெட்டி கட்டி நாம் வளர்க்கும் ஆந்தையும் அதைப் பிடித்துத் தின்கிறது.

கிருமியோ கண்ணுக்குத் தெரியாது. இருநூறு, முந்நூறு கிருமிகளை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். காற்று இல்லாவிட்டால் எலி செத்துவிடும். இக்கிருமிக்கோ காற்றுதான் பகை. காற்றுள்ள இடத்தில் அது விதையைப்போல் உறைக்குள் அடங்கி, மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் எலிப் புழுக்கையிலும்கூடப் பல ஆண்டுகள் உறங்கும். வெந்நீருக்கும் எளிதில் சாகாது. 1889-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் கிட்டசாட்டோ, மற்றக் கிருமிகளைச் சூட்டினால் அழித்து, காற்றுப் படாமல் இதனைத் தனியே வளர்த்துக் காட்டினார்.

செம்பனை முள்ளோ, மண்ணில் கிடந்த ஆணியோ காலில் ஆழக் குத்துகிறது. மேல்தோல் மூடிக்கொள்கிறது. உள்ளே காற்று இல்லை. உறங்கிய கிருமி விழித்துக்கொண்டு நஞ்சைக் கக்குகிறது. பெரும்பாலும் மூன்று வாரங்களுக்குள் தாடை இறுகும், உடல் வில்லாக வளையும், மூச்சும் நிற்கக்கூடும். அதற்குள் அந்தச் சிறு காயத்தையே நாம் மறந்திருப்போம்.

ஆகவே, காயத்தில் காப்பித்தூள், சாம்பல் அப்புவதை விட்டுவிடுவோம். ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே கிளினிக்குக்குப் போவோம். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி வழியாகவும் இக்கிருமி நுழையும். அங்கே எதையும் தடவலாகாது.

இதற்கு நாம் வைக்கக்கூடிய பொறி தடுப்பூசிதான். குழந்தைக்கு இரண்டாம் மாதத்திலேயே அது தொடங்குகிறது. கருவுற்ற தாய்மார்களுக்கும் உண்டு. பெரியவர்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். ஒருமுறை இந்நோய் வந்து பிழைத்தவருக்கும் மறுபடி வரலாம். அவருக்கும் ஊசி தேவை.

பெட்டியில் இருக்கும் பிள்ளைகளின் ஊசி அட்டையை இன்றிரவே எடுத்துப் பார்ப்போம். நமக்குக் கடைசியாக ஊசி போட்ட ஆண்டையும் நினைத்துப் பார்ப்போம்.