யார் தலைக்கு மேல் தண்ணீர்?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

நான் வங்கியில் குமாஸ்தா. கடன்களைத் தரம் பிரிப்பது எங்க பொழப்பு. சந்தேகக் கடன், நஷ்டக் கடன் என்று பேரைச் சொன்னாலே அந்தக் கடனோட நெலமை தெரிஞ்சிடும்.

அணைகளுக்கும் தரம் பிரிக்கிறார்கள். ஆனால் 'அதிக அபாய அணை' என்றால் விரிசல் விட்ட அணை என்று அர்த்தமில்லை. உடைந்தால் கீழே எத்தனை உயிர் போகும், எவ்வளவு சொத்து போகும் என்பதுதான் அந்த அபாயம். அணையின் உடம்பு எப்படி இருக்கிறது என்பது தனிக் கணக்கு. நேற்றுக் கட்டிய அணைகூட அதிக அபாய அணையாக இருக்கலாம்.

ஆக, 'கீழே யார் இருக்கிறார்கள்?' என்பதே கேள்வி. அது நம்முடைய கேள்வி. ஊர் மேட்டில், சேரி பள்ளத்தில்.

1985-இன் இந்தியத் தரவிதி அணைகளை உயரத்தையும் கொள்ளளவையும் வைத்துத்தான் சிறிது, நடுத்தரம், பெரிது என்று பிரித்தது. கீழே ஆபத்து அதிகமென்றால் வெள்ளக் கணக்கைக் கூட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வரி ஒட்டியிருந்தது. மனுசன் அந்த ஒரு வரியில்தான் இருந்தான்.

2021 டிசம்பர் 30-இல் நடைமுறைக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் அபாய வகைப்பாட்டைக் கட்டாயமாக்கியது. 5 ஆண்டுக்குள் அவசரகாலச் செயல்திட்டமும் வேண்டும் என்றது. ஆனால் 15 மீட்டருக்கு மேற்பட்டவையும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவையும்தான் அதில் அடங்கும். நம்ம ஏரிக்கரைகளில் பெரும்பாலானவை அதற்கு வெளியே.

1950களில் கட்டிய கிருஷ்ணகிரி அணையில் 2017 நவம்பர் 29 அன்று முதல் மதகு உடைந்தது. துங்கபத்ராவில் 2024 ஆகஸ்ட் 10 இரவு 19-ஆம் மதகின் சங்கிலி அறுந்தது. இரண்டிலும் சுவர் நின்றது. இரும்புதான் கெழடு தட்டிப் போச்சு.

மண்கரையைப் பற்றி நம்ம நீர்க்கட்டிகளைக் கேளுங்கள். கசிவு தெளிவா வந்தா கவனி, கலங்கலா வந்தா ஓடிப்போய்ச் சொல்லு என்பார்கள். கலங்கல் என்றால் கரையின் உள்மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். பொறியியல் புத்தகமும் இதைத்தான் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாக மதகைக் காத்து, வெள்ளத்தில் முங்கித் திறந்தவர்களில் பெரும்பாலோர் நம்மாட்கள். ஆய்வுக்கு வரும் ஜீப்பு அவர்கள் வீட்டு வாசலில் நிற்குமா?

எனவே நீர்வளத்துறை அலுவலகத்துக்குப் போய் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் தலைக்கு மேலுள்ள அணை எந்த வகை? வெள்ளம் பாயும் வரைபடத்தில் பட்டா இல்லாத புறம்போக்குக் குடிசைகளை எண்ணினீர்களா? நள்ளிரவில் மதகு போனால் சேரிக்கு வந்து சொல்லப்போவது யார்?

மூன்றாவது கேள்விக்கு ஆள் பேரோடு பதில் வாங்காமல் திரும்பாதீர்கள். ஊரில் தண்டோரா போட்டால் சேரிக்கும் கேட்டுவிடும் என்பார்கள். கேட்காது, தோழர்களே. அந்தத் தூரத்தை அளந்து வைத்தவர்களே அவர்கள்தான்.