சுடுதண்ணியும் அம்மாவும்

(‘இன்றைய வீட்டு வசதிகள் குடும்பத்திற்குத் தருவது நிம்மதியே! சுமையே!’ என்ற பட்டிமன்றத்தில், ‘நிம்மதியே’ என்ற அணியில் பேசியது)

எதிரே உட்கார்ந்து, என்னை எந்த இடத்தில் மடக்கலாம் என்று குறிப்பெடுத்துக் கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களுக்கு வணக்கம். (சிரிப்பு) வீட்டில் இருந்து பார்த்துக் கொண்டிருக்கிற தாய்மார்களுக்குத் தனி வணக்கம். ஏன்னா, இது உங்க கதை.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டார். “அந்தக் காலத்தில் ஒரு அண்டா வெந்நீர், வீடே குளித்தது. இன்றைக்கு பாத்ரூமுக்கு ஒரு கெய்சர். எந்த வீட்டில் நிம்மதி இருந்தது?” என்றார். நீங்களும் கைதட்டினீங்க. நானும் தட்டினேன். தட்டிட்டு யோசிச்சேன். அந்த அண்டாவுக்கு யாரும்மா தீ போட்டது?

பொள்ளாச்சிப் பக்கம் எங்க ஊர். வீட்டில் எட்டுப் பேர். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, சித்தப்பா, பிள்ளைகள் நாங்க மூணு பேர். புறக்கடையில் வெந்நீர் அடுப்பு. விடியக்காலை நாலு மணிக்கு எங்க அம்மா எழுந்து தென்னமட்டையும் தேங்காய்த் தொட்டியும் போட்டு அந்த அடுப்பைப் பற்ற வைப்பார்கள். மழைக்காலத்தில் மட்டை நனைந்திருக்கும். ஊதி ஊதி, கண்ணெல்லாம் சிவந்து போய் நிற்பார்கள். முதல்ல தாத்தா குளிப்பார், அப்புறம் அப்பா, அப்புறம் நாங்க. அம்மா கடைசி. அவர்கள் முறை வரும்போது அண்டாவில் அடித்தண்ணிதான் இருக்கும். அதில் பச்சைத்தண்ணியைக் கலந்து ஊற்றிக்கொண்டு வந்து, “எனக்கு இதுதான் கண்ணு ஒத்துக்கும்” என்பார்கள்.

நடுவர் அவர்களே, நாப்பது வருஷம் நான் அதை நம்பினேன்! (கைதட்டல்)

பிறகு கோயம்புத்தூருக்குக் குடி வந்தோம். அடுப்பு போச்சு, வாளிக்குள் போடுகிற கம்பி ஹீட்டர் வந்தது. ஒரு நாள் அம்மா, சுவிட்சை அணைக்காமல் தண்ணி சுட்டுதா என்று விரலை விட்டுப் பார்த்துவிட்டார்கள். தூக்கி அடித்தது. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். நல்ல வேளை, உயிர் பிழைத்தார்கள். ஆனால் இரண்டு நாள் வலது கை மரத்துப் போய்க் கிடந்தது. அன்றைக்கே அந்தக் கம்பியை எடுத்துத் தூர வீசினேன்.

கெய்சர் மாட்டினோம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருகிற கரண்ட் பில்லைப் பார்த்து அடுத்த ஷாக். இது அம்மாவுக்கு இல்லை, எனக்கு! (சிரிப்பு)

2023-ல் ஒரு முடிவு எடுத்தோம். ஹீட் பம்ப் என்று ஒரு வாட்டர் ஹீட்டர், 200 லிட்டர். விலை ஒரு லட்சத்தைத் தாண்டியது. என் சம்சாரம் கேட்டாள்: “ஏனுங்க, இது தண்ணிதானே காய்ச்சும்? காபியும் போட்டுத் தருமா?” (பலத்த சிரிப்பு)

அது என்ன மிஷின்? சுருக்கமாகச் சொல்கிறேன். வீட்டுக்குப் போனதும் உங்க பிரிட்ஜுக்குப் பின்பக்கமோ பக்கவாட்டிலோ கை வைத்துப் பாருங்க, வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே இருக்கிற காய்கறியின் சூட்டை உறிஞ்சி, வெளியே கொண்டுவந்து கொட்டுகிறது. இந்த மிஷின் அதே வேலையைத் திருப்பிச் செய்கிறது. வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை எடுத்து, தண்ணியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

“காற்றில் ஏதுப்பா அவ்வளவு சூடு?” என்பீர்கள். உள்ளே ஒரு திரவம் ஓடுகிறது. அது நம்ம வீட்டுக் காற்றின் சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவியைக் கம்ப்ரஸர் அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடும் பாருங்க, அதுபோல அழுத்த அழுத்தச் சூடேறும். அந்தச் சூட்டைத் தண்ணிக்குக் கொடுத்துவிட்டு, குளிர்ந்து திரவமாகித் திரும்பிப் போகும். இவ்வளவுதான்.

இது நேற்று முளைத்த யோசனை இல்லை. 1852-லேயே கெல்வின் என்ற விஞ்ஞானி இந்தத் தத்துவத்தைச் சொல்லிவிட்டார். 1938-ல் ஸ்விட்சர்லாந்தில் சூரிச் நகர மன்றக் கட்டடத்தை, பக்கத்தில் ஓடுகிற ஆற்றுத் தண்ணியின் சூட்டை எடுத்துத்தான் கதகதப்பாக்கினார்கள். ஜப்பானில் 2001 முதல் வீடுகளுக்கு இந்த வகை வெந்நீர் மிஷின் விற்பனைக்கு வந்துவிட்டது.

இதில் என்ன மிச்சம்? நெல்லை விளைவிப்பது ஒரு செலவு. விளைந்த மூட்டையை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவது வேறு செலவு. கெய்சர், கரண்டைக் கொண்டு சூட்டை விளைவிக்கிறது. இது, இருக்கிற சூட்டை ஏற்றிக் கொண்டுவருகிறது, வண்டிக்கூலி மட்டும்தான். 200 லிட்டர் தண்ணியை 25 டிகிரியில் இருந்து 50 டிகிரிக்கு ஏற்ற, கெய்சருக்குச் சுமார் 6 யூனிட் வேண்டும். இதற்கு 2 யூனிட் போதும். தினமும் இப்படிக் காய்ச்சினால் இரண்டு மாதத்தில் 240 யூனிட் மிச்சம். அதுவும் எந்த யூனிட்? நம்ம ஊர் பில் படிக்கட்டு மாதிரி, ஏற ஏற விலை கூடும். குறைகிற 240 யூனிட்டும் உச்சிப் படியில் இருந்துதான் குறைகிறது!

எதிரணி நண்பர் விரலை மடக்கிக் கணக்குப் போடுகிறார். போடுங்க ஐயா, நானே சொல்கிறேன். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால், வருஷத்துக்குச் சுமார் பதினோராயிரம் மிச்சம். போட்ட பணம் திரும்ப ஒன்பது வருஷம் ஆகும். வேகமும் கிடையாது. கெய்சர் மாதிரி பத்து நிமிஷத்தில் சுட்டுவிடாது, தொட்டி முழுக்கக் காய மூணு மணி நேரம். ஓடும்போது பழைய ஏ.சி. மாதிரி ஒரு இரைச்சல், அதனால் படுக்கையறைச் சுவரில் மாட்டக் கூடாது. பூட்டிய சின்ன அறையில் வைத்தால் காற்றில்லாமல் திணறும். போர்வெல் உப்புத் தண்ணி என்றால், தொட்டியைத் துரு தின்னாமல் காக்கிற மெக்னீசியக் கம்பி சீக்கிரம் கரைந்துவிடும், பார்த்து மாற்ற வேண்டும். மொட்டைமாடியும் வெயிலும் தாராளமாக இருக்கிற வீட்டுக்கு சோலார் போதும். இத்தனையும் உண்மை. மறைத்துப் பேசி ஜெயிக்க நான் வரவில்லை.

நடுவர் மணியில் கை வைக்கிறார். ஐயா, இன்னும் இரண்டே நிமிஷம்!

இந்த மிஷின் வந்த முதல் தீபாவளி. தங்கச்சி, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். விடியக்காலை எண்ணெய் தேய்த்துக் குளியல். 200 லிட்டர் இருக்கிறதே என்ற தைரியம். என் பையன் ஷவருக்குக் கீழே நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். ஷவரில் நிமிஷத்துக்கு 10 லிட்டர் போனால், கால் மணி நேரத்தில் 150 லிட்டர் போச்சா? மாப்பிள்ளை முடிச்சார், நான் முடிச்சேன். கடைசியில், தலை நிறைய எண்ணெயோடு அம்மா உள்ளே போனார்கள்.

குழாயைத் திறந்தால்... பச்சைத்தண்ணி.

உள்ளே இருந்து குரல் வருகிறது: “பரவால்ல கண்ணு, எனக்கு இதுதான் ஒத்துக்கும்.”

(அரங்கில் அமைதி)

எதிரணி நண்பர்களே, இதைத்தானே நீங்கள் சொல்ல வந்தீர்கள்? ‘லட்ச ரூபாய் மிஷின் வந்தும் அம்மாவுக்குக் கிடைத்தது பச்சைத்தண்ணி’ என்று? நானே சொல்லிவிட்டேன். ஆனால் குற்றவாளி யார்? மிஷினா? மிஷின் தண்ணியைத்தான் சூடாக்கும். யார் முதலில் குளிப்பது என்பதை அது முடிவு பண்ணாது. அது நாம் முடிவு பண்ண வேண்டியது! அண்டா இருந்த காலத்திலும் அம்மா கடைசி, லட்ச ரூபாய் போட்ட பிறகும் அம்மா கடைசி என்றால், மாற வேண்டியது சாதனம் இல்லை. நாம். (பலத்த கைதட்டல்)

அன்றைக்கு எங்க வீட்டில் ஒரு சட்டம் போட்டோம். வெந்நீர் முதலில் அம்மாவுக்கு. இளவட்டத்துக்கு ஷவர் கிடையாது, வாளி. 2024 தீபாவளிக்கு அம்மாதான் முதல் ஆள். உள்ளே போனவர்கள் வெளியே வரவில்லை. எனக்குப் பயம். கதவைத் தட்டினேன். “சாமி, இன்னும் சுடுதண்ணி வருதுடா. நிறுத்த மனசு வரல” என்றார்கள்.

எழுபத்து நாலு வயசு. வாழ்நாள் முழுக்க ஊருக்கெல்லாம் வெந்நீர் வைத்துக் கொடுத்த கைக்கு, அன்றைக்குத்தான் வெந்நீர் போதும் போதும் என்கிற அளவுக்குக் கிடைத்தது.

இப்போதும் அம்மா நாலு மணிக்கே எழுந்துவிடுகிறார்கள். பழக்கம். ஆனால் ஊதுவதற்கு அடுப்பு இல்லை, கண்ணெரிய புகை இல்லை, தொட்டால் தூக்கி அடிக்கிற கம்பி இல்லை. அந்த மிஷினில் இருந்து சொட்டுகிற தண்ணியை ஒரு கிண்ணத்தில் பிடித்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, காபியோடு திண்ணையில் உட்காருகிறார்கள்.

அந்த ஒரு டம்ளர் காபிக்குப் பெயர் நிம்மதி இல்லை என்றால், வேறு எதற்கு ஐயா நிம்மதி என்று பெயர்? வசதி சுமையாவது, அதை நாம் மட்டும் அனுபவிக்கும்போது. பகிர்ந்துகொண்டால் அது நிம்மதியே, நிம்மதியே என்று சொல்லி, நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.

(கைதட்டல்)