மழைக்கு முன் படகு இன்ஜின்: மாற்றவா, பழுது பார்க்கவா?

கோவளம், கானாத்தூர் பக்கம் படகு வைத்திருக்கும் நண்பர்களே!

2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்கள் மூழ்கியபோது, மீட்புக்கு மீனவர் படகுகளும் வந்தன. அப்படி ஆளை ஏற்றிவரும்போது நடுவெள்ளத்தில் இன்ஜின் நின்றால் என்ன செய்வீங்க? அதனால் ஐப்பசி மழைக்கு முன்பே அவுட்போர்டு இன்ஜினை மெக்கானிக்கிடம் கழற்றிக் காட்டுங்கள்.

கணக்கு சுலபம். கெட்டால் படகையே நிறுத்திவிடும் பாகம் என்றால் மாற்றுங்கள். வேகம் மட்டும் குறையும் என்றால் பழுது பார்த்தால் போதும்.

தண்ணீர் பம்பில் இருக்கும் ரப்பர் இம்பெல்லர் விறைத்திருந்தாலோ வெடித்திருந்தாலோ புதுசு போடுங்க; அது போனா இன்ஜின் சூடேறி நின்றுவிடும். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஆயில் சீலை உடனே மாற்றுங்கள். கியர் பல் உடைந்திருந்தால் வெல்டிங் வேண்டாம், புதுசுதான். புரொப்பல்லர் இலை லேசாக நெளிந்திருந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். விரிசல் விட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

ஒரு சின்ன சீலை 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டால், கியர் பெட்டியே துருப்பிடித்துப் போகும். செலவும் கூடும், அவசரத்துக்குப் படகும் உதவாது. இந்த வாரமே ஆயிலை இறக்கிப் பாருங்கள்.