போகித் தீயை மூட்டும் முறை
(நம் சங்கத்தின் டிசம்பர் கூட்டத்தில் பேசியது)



இந்தப் போகிக்கு வளாகத்தில் தீயே வேண்டாம் என்று சிலர் சொல்கிறீர்கள். தரைத்தளத்தில் மூச்சுத்திணறலோடு இருப்பவர்களை நினைத்தால் அது நியாயம்தான். போன வருடம் யாரோ பழைய ரெக்சின் பையைப் போட்டு, மூன்றாவது மாடி வரை நாற்றம். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னையில் விமானங்களே தாமதமாயின. ஜனவரி விடியற்காலையில் குளிர்காற்று தரையோடு படிந்திருக்கும். புகை மேலே எழும்பாது. ஆனாலும், பிள்ளைகள் மேளம் கொட்ட ஒரு சின்ன நெருப்பு இருக்கட்டும், அதைச் சரியாக மூட்டுவோம் என்பது என் கட்சி.

விறகுக்குக் கடைக்குப் போக வேண்டாம். நம் தென்னை மரங்களில் விழும் பன்னாடை, ஓலை, பாளை, மட்டை போதும். தோட்டக்காரரிடம் சொல்லி இப்போதே வெயிலில் காயப்போடுங்கள். மார்கழிப் பனி படாமல் இரவில் மூடிவையுங்கள். ஒடித்தால் பட்டென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம். ஈர விறகு தன்னிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே சூட்டையெல்லாம் செலவழிக்கும். அதனால்தான் அத்தனை புகை.

இடம்: கார்கள், மரங்கள், கேஸ் சிலிண்டர் அறை, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி. தரைக்கல் வெடிக்காமல் இருக்க அரையடி மணல் பரப்ப வேண்டும்.

அடியில் ஒரு கை பன்னாடையும் பிரித்துவிட்ட தேங்காய் நாரும். அதன்மேல் ஓலை ஈர்க்கு. அதைச் சுற்றி விரல் பருமன் சுள்ளிகளைக் கூம்பாகச் சாய்த்து, காற்று வரும் பக்கம் ஒரு வாசல் விடுங்கள். அந்த வழியாகக் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்தால் போதும். எல்லாவற்றையும் அமுக்கி அடுக்கினால் பிடிக்காது. வங்கியின் பழைய பேரேட்டைத் தீயில் போட்டாலும் ஓரம்தான் கருகும், நடுப்பக்கம் அப்படியே இருக்கும். காற்று உள்ளே போகாதே! சுள்ளி நன்றாகப் பிடித்த பிறகு பாளை, மட்டை, கடைசியில்தான் கொட்டாங்குச்சி.

மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போகாதீர்கள். அணைந்த மாதிரி தெரியும் கங்கில் ஊற்றினால் குப்பென்று கை வரை வரும். தீ பிடிக்கவில்லையா? ஒன்று ஈரம், இல்லையென்றால் காற்று போதவில்லை.

வீட்டுப் பழசில் நிஜக் கோரைப்பாய், மூங்கில் முறம், தேய்ந்த விளக்குமாறு போடலாம். இப்போது விற்கும் பாய் பெரும்பாலும் பிளாஸ்டிக், பார்த்துக்கொள்ளுங்கள். பிளைவுட், பெயின்ட் அடித்த மரம், டயர் கூடவே கூடாது. அவற்றைக் காயலான் கடைக்குக் கொடுத்துவிடலாம். பிள்ளைகளுக்கு அன்று நைலான் பாவாடை வேண்டாம், பருத்தி உடுத்துங்கள். பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் இருக்கட்டும்.

கொட்டாங்குச்சிக் கங்கு சாம்பலுக்குள் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சூடு அடங்கும் வரை ஆள் நிற்க வேண்டும். நான் நிற்கிறேன். இன்னும் இரண்டு பேர் பெயர் கொடுங்கள்.